ஏமாறாத பெரியம்மா

எங்கள் சந்தில் அந்தப் பெரியம்மா தொட்டுப் பார்க்காமல் யாரும் கத்தரிக்காயை நறுக்க மாட்டார்கள். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கும். அப்போது அப்படித்தான் நடந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர்கள் நேரே தங்கள் வீட்டுக்குப் போகாமல் பெரியம்மா வீட்டு வாசலில் பையை இறக்கி வைப்பார்கள். அவர் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். காம்பைப் பார்ப்பார், முகர்வார், தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுவார். "இது ஆவும். இது ஆவாது. இத எவன் குடுத்தான் உனக்கு?" என்பார். ஆகாததைத் திருப்பிக் கொடுக்க அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதலியார்பேட்டையில் பஞ்சாலைக்காரர்கள் குடியிருந்த சந்து அது. பெரியம்மாவும் ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். வீட்டுக்காரர் எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் இவர் போகவில்லை. "மாப்ள வூட்டுல போயி குந்திக்கினு, தண்ணி மொண்டு குடுன்னு கேக்கறதா? என் காலு நடக்கற வரைக்கும் நான் இங்கதான்" என்பார். ஒல்லியான, உயரமான உடம்பு. ஆலைச் சங்குக்குப் பயந்து ஓடிப் பழகிய நடை, வேலையை விட்ட பிறகும் வேகம் குறையவில்லை. மார்க்கெட்டுக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். ரிக்‌ஷாக்காரர்கள் அவரைக் கண்டால் மணிகூட அடிக்க மாட்டார்கள்.

அடுத்த வீடு எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்தேன். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. கடைக்காரர் "என்னாம்மா வேணும்?" என்று கேட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டில் மாமியார் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உன் தலையில கட்டறதுக்குன்னே தனியா ஒரு கூடை சொத்தைய எடுத்து வெச்சிருப்பானோ?" என்று திட்டுவார். அது பெரியம்மா காதில் விழுந்தது. மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார்.

"யோவ் மிசியே, அந்தத் தராசக் கொஞ்சம் தூக்கிக் காட்டு."

"எதுக்கு?"

"சும்மாதான். அதுக்கு அடிவயிறு எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்."

"பிரெஞ்சுக்காரன் போயி எவ்ளோ காலமாச்சி, இந்தக் கெழவி இன்னும் அவன் பாஷையில என்ன மிசியேங்குது" என்று அவன் பக்கத்துக் கடைக்காரனிடம் சொல்லிச் சிரித்தான்.

"கெழவின்னே கூப்புடு, பரவால்ல. தராசத் தூக்கு."

தூக்கினான். பொருள் வைக்கும் தட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புளி ஒட்டியிருந்தது. பெரியம்மா அதைப் பிய்த்து அவன் கையில் வைத்தார்.

"நாங்க கத்திரிக்கா வாங்க வந்தோம்யா. புளி வேணுன்னா கேட்டு வாங்கிக்கறோம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு எனக்கு வாய் என்றால் அது பெரியம்மாதான். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். எனக்கு வேண்டியதை அவர் கேட்பார்.

மீனின் செவுளைத் திறந்து பார்ப்பார். காப்பித்தூளைத் தண்ணீர் டம்ளரில் தூவி, எது மிதக்கிறது எது மூழ்குகிறது என்று குனிந்து பார்ப்பார். பெருங்காயத்தைத் தீக்குச்சியில் காட்டி எரிப்பார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும்போது, "நொரைய எனக்கு வேணாம், அது அடங்கனதும் ஊத்து" என்று வரிசையையே நிறுத்தி வைப்பார். ஒரு பொருளை இப்படியெல்லாம் பார்த்து முடித்து, நல்லதாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். "சுத்தம்." அந்த வார்த்தை வந்துவிட்டால் சந்தில் எல்லாரும் அதை வாங்கலாம்.

ஆனால் அவரிடம் இன்னொன்று இருந்தது. ஏமாற்றுகிறவர்கள்மேல் அவருக்குக் கோபமே கிடையாது. "அது அவன் பொழப்பு" என்று விட்டுவிடுவார். ஏமாந்தவர்களைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. "கண்ணு ரெண்டும் எதுக்குடி இருக்குது? மை வெக்கவா?" என்பார். ஏமாந்தவர் எவ்வளவு வயதானவராக இருந்தாலும் விட மாட்டார்.

என் மாமியாரிடம் ஒரு முறை புடவைக்காரன் ஒருவன் வந்தான். தோளில் மூட்டை, வாய் நிறைய அக்கா அக்கா. அன்றைக்குப் பெரியம்மா கடலூருக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தார். மாமியார் பட்டுக் கரை போட்ட புடவை ஒன்றை எடுத்தார். தாள் சுற்றி ஒட்டியிருந்தது, பிரித்தால் மடிப்புக் கலையும் என்று அவன் சொன்னதால் பிரிக்கவில்லை. அவன் போன பிறகு பிரித்தால், மேலே தெரிந்த நாலு முழம்தான் புடவை. உள்ளே பழைய வேட்டியைக் கிழித்து அதே மாதிரி மடித்துச் செருகியிருந்தான். மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

பெரியம்மா திரும்பி வந்ததும் யாரோ சொல்லிவிட்டார்கள். வந்து பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அன்றோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு குழாயடியில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கே மாமியாரைக் கண்டாலும், "என்னா தங்கச்சி, இன்னிக்கிப் பொடவ முழுசா இருக்குதா? அளந்து பாத்தியா?" என்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். அந்த வருஷம் தீபாவளிக்கு எடுத்த புதுப் புடவையை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அவிழ்த்து வைத்தார். எனக்குப் பெரியம்மாவிடம் முதல்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். நான் ஏமாந்தால் என்னையும் இப்படித்தானே சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேன்காரர் எங்கள் சந்துக்கு வந்தது இதற்குச் சில வருஷங்கள் கழித்து. சைக்கிளில் அலுமினியத் தூக்கு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டையாக விபூதி. நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேச மாட்டார். முதல் வீட்டிலேயே யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, நேராகப் பெரியம்மா வாசலுக்குத்தான் வந்தார்.

"வாங்க வேணாம்மா. சோதிச்சி மட்டும் பாருங்க. சரியில்லன்னா இந்தச் சந்துலயே கால் வெக்க மாட்டேன்" என்றார்.

பெரியம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். கலங்காமல் நூல்போல இறங்கி அடியில் போய்ப் படிந்தது. பஞ்சுத் திரியைத் தேனில் தோய்த்துக் கொளுத்தினார். சடசடவென்று பொரியாமல் நின்று எரிந்தது. "சுத்தம்" என்றார். அன்றைக்கே தூக்குக் காலியானது.

அவர் மாதாமாதம் வந்தார். அளவில் ஒரு சொட்டுக் குறைத்ததில்லை. ஒவ்வொரு முறையும், "பாத்துருங்கம்மா" என்று முதலில் பெரியம்மாவிடம்தான் நீட்டுவார். ஒரு நாள் பெரியம்மா அவருக்கு உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். விற்க வந்த எவருக்கும் அந்த வீட்டில் நாற்காலி கிடைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவுக்கு முட்டி வலி ஆரம்பித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கூடவே நடக்கிற எனக்குத் தெரிந்தது. மரப்பாலம் தாண்டியதும் ஒரு கடை எதிரில் நின்றுவிடுவார்.

"என்னா பெரிம்மா?"

"ஒண்ணுமில்லடி. இந்தக் கடையில என்னா வெல போட்டிருக்கான்னு பாக்கறேன்."

அது சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடை.

அவர் நிற்கும்வரை நானும் நிற்பேன். வலி அடங்கியதும், "வா வா, நின்னுக்கினே இருக்க" என்று என்னைத்தான் விரட்டுவார். கால் போய்விட்டால் கடலூருக்குப் போக வேண்டும் என்ற பயம் அவருக்கு. அதைத் தேன்காரர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார்.

"படி ஏறும்போது எந்தக் காலும்மா மொதல்ல வெக்கிறீங்க?" என்று கேட்டார். பெரியம்மா புடவையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார். "எங்கம்மாவும் இப்பிடித்தான், யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். மலையில் எடுத்த வேர்களைக் காயவைத்து இடித்த பொடி, காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும் என்றார். காசு வாங்கவில்லை. "சோதிச்சிப் பாருங்க. அப்பறம் பேசலாம்" என்று சைக்கிளை எடுத்தார்.

பெரியம்மா சோதித்தார். தண்ணீரில் போட்டார், மண் இல்லை. நெருப்பில் காட்டினார், மாவு வாசனை இல்லை. நாக்கில் வைத்தார், சுண்ணாம்பு இல்லை. வெறும் வேர்க்கசப்பு. அவருக்குத் தெரிந்த கலப்படம் எதுவும் அதில் இல்லை. பிறகு சாப்பிட்டார். இரண்டு மூன்று நாளிலேயே சைக்கிள் கடை எதிரில் நிற்பது நின்றுபோனது. அந்த வருஷம் மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நடந்தே போய்ச் சாமி பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன்.

"சுத்தம்" என்றார் மறுநாள் குழாயடியில்.

சந்தில் வயதானவர்கள் எல்லாரும் வாங்க ஆரம்பித்தார்கள். கோடி வீட்டில் மேஸ்திரி ஒருவர் இருந்தார், ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், நிமிர்ந்து நடந்தார். "இன்னும் ஒரு மாசம் போனா என்ன மறுபடியும் ஆலைக்குள்ள விட்டுருவான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மாமியாருக்கும் இரண்டு முட்டியிலும் வலி இருந்தது. ஆனால் புடவை விஷயம் மனதிலிருந்து போகவில்லை. "அவ வாசல்ல போயி நான் நிக்கறதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னை அனுப்பினார். நான் போய்ச் சொன்னதும் பெரியம்மா சிரிக்கவில்லை. "பாவம், இத்தினி நாளு சொல்லாமயே இருந்திருக்கா பாரு" என்று தன் பொட்டலத்திலிருந்தே பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கையோடு தேனும் கொடுத்தார். மாமியார் அதை வாங்கிக்கொண்டு, "அவ ஒண்ண நல்லதுன்னு சொன்னா அது நல்லதாத்தான் இருக்கும். வாய்தான் கெட்ட வாய்" என்றார்.

மாதங்கள் போயின. பெரியம்மாவுக்குக் கன்னம் உப்பி முகம் வட்டமானது. நன்றாகப் பசிக்கிறது என்றார். கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. ஒல்லி உடம்பாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஆரோக்கியமாகத் தெரிந்தது. "பெரிம்மாவுக்கு வயசு திரும்புது" என்றார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். எனக்கு மட்டும் அவர் கையைப் பார்த்தால் என்னவோபோல இருக்கும். பையின் காது உராய்ந்த இடமெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருக்கும். தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்திருந்தது. "எங்கயாவது இடிச்சிக்கினீங்களா பெரிம்மா?" என்றால், "ஒனக்கு வேற வேல இல்ல" என்பார்.

ஒரு நாள் காலை குழாயடியில் வழுக்கி உட்கார்ந்தார். விழுந்ததுகூட இல்லை, கையை ஊன்றி உட்கார்ந்தார், அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்தான் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்னப் பெண், கையைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த நீலத்தைப் பார்த்தார்.

"வலிக்கு எதனா பொடி, லேகியம் சாப்பிடறீங்களாம்மா?"

"நாட்டு மருந்துதான். சுத்தமானது."

"எவ்ளோ நாளா?"

பெரியம்மா சொன்னார். டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மாதிரிப் பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரை ஒன்றை அரைத்துக் கலக்கிறார்கள் என்றார். டாக்டர்களே பயந்து பயந்து கொடுக்கிற மருந்து அது. வலி உடனே போய்விடும். ஆனால் முகம் ஊதும், எலும்பு உள்ளே பொத்தலாகும், சர்க்கரை ஏறும், புண் வந்தால் ஆறாது என்றார்.

"என்ன யாரும் ஏமாத்த முடியாது டாக்டரம்மா. நான் தண்ணியில போட்டுப் பாத்தேன். நெருப்புல காட்டிப் பாத்தேன்."

"அதுல தெரியாதும்மா. எங்களுக்கே கண்ணால பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. உங்க உடம்பப் பாத்துத்தான் சொல்றேன். நீங்க மட்டுமில்ல, வாரத்துக்கு நாலு பேரு இப்பிடி வர்றாங்க. உங்க தெருவுல வேற யாராவது சாப்பிடறாங்கன்னா கூட்டிக்கினு வாங்க. அவங்களா சட்டுன்னு நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்து. நாங்க மாத்திர குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தறோம்."

நீங்கள் மட்டுமில்லை என்று டாக்டரம்மா சொன்னது ஆறுதலுக்குத்தான். பெரியம்மாவுக்கு அதுதான் பெரிய அடி. அவர் வாழ்நாள் முழுக்கச் சிரித்த கூட்டத்தோடு அவரையும் சேர்த்துவிட்டார்கள். பஸ்ஸில் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்.

"யாருகிட்டயும் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்."

நான் மாமியாரிடம் அன்றைக்கே சொன்னேன். எனக்குப் பேச வராது என்றாலும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். மாமியார் காதில் வாங்கவே இல்லை.

"கத்திரிக்கா வாங்கத் தெரியாதவ எனக்கு மருந்து சொல்ல வந்துட்டா. அடுத்த வூட்டுக்காரியயாவது, ஏமாத்தறதாவது! அவ வந்து அவ வாயால சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் காலை குழாயடியிலேயே, நாலு பேர் முன்னால், மாமியார் பெரியம்மாவைக் கேட்டார்.

"ஏங்க்கா, அந்தப் பொடி ஆவாதுன்னு என் மருமவ சொல்றா. நெசமா?"

பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம், ஊதியிருந்த அந்த முகம், சிவந்து போனது.

"பொடி நல்ல பொடிதான். இப்ப கடேசியா வந்தது சரியில்ல. சரக்கு மாறிப்போச்சி. அத மட்டும் சாப்புடாதீங்க."

"அதானே பாத்தேன்" என்றார் மாமியார்.

பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "ஏன் பெரிம்மா அப்பிடிச் சொன்னீங்க? டாக்டரம்மா எல்லாரையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்களே" என்று கேட்டேன். அவர் முறியாத கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ போடி" என்றார்.

தேன்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. கை முறிந்த சேதி அவருக்கும் போயிருக்கும். அவர் வராததால் பொடி நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. கடைசியாக வந்த சரக்கு ஆகாது என்று மாமியார் மீதி இருந்ததையும் நிறுத்தினார். முட்டி வலி பழையபடி, அதைவிட மோசமாக வந்து, தலை சுற்றிப் படுத்தார். பெரியம்மாதான் சொல்லிவிட்டாரே, பழைய சரக்கு நல்லது என்று. அந்த நல்ல சரக்கைத் தேட ஆரம்பித்தார். தேன்காரரை அரியாங்குப்பத்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஒரு நாள் நாங்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரம், அந்தக் காலோடு பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டி, அரியாங்குப்பத்தில் தெருத்தெருவாக விசாரித்து, அவரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மொதல்ல குடுத்தியே, அந்தச் சரக்குதான் வேணும்" என்று கேட்டாராம்.

"உங்களுக்காகவே தனியா எடுத்து வெச்சிருக்கேம்மா" என்றாராம் அவர்.

இதை மாமியாரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். ஒரு பெரிய டப்பா நிறைய வாங்கி வந்திருந்தார். வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நடந்து திரிந்ததில் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மஞ்சள் அரைத்துப் போட்டோம்.

கொப்புளம் ஆறவில்லை. விரல் கறுத்தது. பிறகு பாதம். வலி இல்லை என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார், பொடி சாப்பிடுகிறவருக்கு வலி எங்கே தெரியும்? வீட்டுக்காரர் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, விஷம் மேலே போகிறது என்றார்கள். முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். எந்த முட்டி வலிக்காகப் பொடி சாப்பிட்டாரோ அந்த முட்டி மட்டும் இருந்தது.

பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். கையில் கட்டுப் பிரித்திருந்தார்கள், ஆனால் கை கோணலாகத்தான் கூடியிருந்தது. டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைக் குறைத்து வந்ததால் முகம் வற்றி, தோல் தொங்கியது. முட்டி வலியும் திரும்பிவிட்டது, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். உட்காரவில்லை. போர்வை கால் பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி."

மாமியார் கண்ணைத் திறந்தார்.

"சரக்கு மாறல. மொதல்லேருந்தே அப்பிடித்தான். நான் ஏமாந்துட்டேன். அன்னிக்கிச் சொல்ல வாய் வரல."

மாமியார் கத்துவார், சபிப்பார் என்று பயந்தேன். கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும். மாமியார் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாளு சிரிச்சிருப்பேன். அவ்ளோதானக்கா?"

பெரியம்மா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து ஆயாம்மா வந்து விரட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாமியார் அதற்குப் பிறகு வெகுநாள் இருக்கவில்லை. பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துபோன மறுநாள் காலையைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆலைச் சங்கு ஊதியபோது நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. மற்றவர்களிடம் பேசுவதென்றால் எனக்காக அவர்தான் பேசுவார். அன்றைக்கு என்னமோ, நான் வாளியை வைத்துவிட்டு அவர் கூடவே போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சுதான். "அந்தப் பொடியில இங்கிலீஷ் மருந்து கலந்திருக்கான். நான் ஏமாந்துட்டேன். என் பேச்சக் கேட்டு நீங்களும் ஏமாந்துட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், என் கூட வாங்க."

சிலர் அதிர்ந்து நின்றார்கள். சிலர் நம்பவில்லை. "உங்களையா? உங்கள எவன் ஏமாத்துவான் பெரிம்மா?" என்று ஒரு பெண் கதவைச் சாத்தப் போனாள். இவர் கோணல் கையை நிலைப்படியில் வைத்துக் கதவைத் தடுத்தார்.

கடைசியாகக் கோடி வீடு. மேஸ்திரி பனியனோடு வெளியே வந்தார். அவருக்கும் கன்னம் உப்பி, கண் உள்ளே போயிருந்தது. அவரும் எங்கிருந்தோ பொடி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். பெரியம்மா சொல்லி முடித்ததும் அவர் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, "மண்ணெண்ணெய் நொரைக்கே வரிசைய நிறுத்தனவளையே ஏமாத்திட்டானா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பெரியம்மா நகரவில்லை. தலையைக் குனியவும் இல்லை. கம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மேஸ்திரி சிரித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார்.

"சிரிச்சாச்சா? சட்டய மாட்டிக்கினு வாங்க மேஸ்திரி. பஸ் வந்துரும்."